மூன்றாவது லேன்

என் பெயர் போட்டு வெளிவந்த கட்டுரை ஒன்றின் இரண்டாவது படத்தில் இரண்டு லேன்கள் இருக்கின்றன. ஃபிலிமில் இருந்தவை மூன்று. மூன்றாவதை வெட்டியவன் நான். இல்லாத பட்டையை வரையவில்லை, எண்ணைத் திருத்தவில்லை, அடுத்தவர் தரவைத் திருடவில்லை. இருந்ததில் ஒன்றைக் காட்டவில்லை, அவ்வளவுதானே என்று பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ‘அவ்வளவுதானே’யில் ஒரு பெண்ணின் ஆராய்ச்சிக் காலத்தில் பாதி போயிற்று. அதனால் விவரமாகவே எழுதுகிறேன். விஷயம் புரியாமல் குற்றம் மட்டும் தெரிந்தால் என்மேல் பரிதாபம்கூட வரும். விஷயமும் புரிந்துவிட்டால் வராது.

நம் உடம்பிலுள்ள பெரும்பாலான செல்கள் எதையாவது பற்றிக்கொண்டுதான் உயிர் வாழ்கின்றன. செல்லுக்கு வெளியே ஃபைப்ரோனெக்டின், கொலாஜன் போன்ற புரதங்களாலான ஒரு விரிப்பு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்வது இன்டெக்ரின். 1986இல் அந்தப் பெயரைப் பெற்ற இந்தப் புரதத்துக்கு செல்லுக்கு வெளியே பெரிய தலை, உள்ளே மிகச் சின்ன வால். பிடி விட்டுப்போன செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். புற்றுநோய்ச் செல்லோ பிடி இல்லாமலே பிழைத்து, இரத்தத்தோடு போய், வேறோர் உறுப்பில் குடியேறிவிடுகிறது. ஆக, ‘பிடித்திருக்கிறேன், சாக வேண்டாம்’ என்ற செய்தி வெளியிலிருந்து உள்ளே எப்படிப் போகிறது? 1990களில் எங்கள் துறையில் பலரைத் தூங்கவிடாத கேள்வி இது. இன்டெக்ரினின் வாலுக்கு நொதியாக வேலை செய்யும் திறன் கிடையாது. வாலோடு ஒட்டிக்கொண்டு வேறு யாரோ அந்த வேலையைச் செய்கிறார்கள். அந்த யாரோ ஒரு கைனேஸாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பினோம்.

ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின்மேல் வைப்பது கைனேஸின் வேலை. பாஸ்பேட் ஏறினால் அந்தப் புரதத்தின் குணம் மாறும். இறங்கினால் பழையபடி ஆகும். 1950களில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசைச் செல்லில் இதைக் கண்டுபிடித்தார்கள். நோபல் பரிசு வந்தது 1992இல். மனித மரபணுத்தொகுதி முழுவதையும் அலசி 2002இல் வெளியிட்ட பட்டியலில் 518 கைனேஸ்கள் இருந்தன. ஒட்டும் இடத்தில் குவிந்து நிற்கும் ஃபேக் என்ற கைனேஸ் 1992இலேயே அகப்பட்டுவிட்டது. அதன்பிறகு 1996இல் ஐ.எல்.கே. வந்தது.

அது வந்த விதமே ஆளை மயக்கும். கனடாவில் ஒரு குழு இன்டெக்ரினின் வாலைத் தூண்டிலாகப் போட்டு, அதைக் கவ்வும் புரதம் எது என்று ஈஸ்ட் செல்களில் தேடியபோது சிக்கியது. 452 அமினோ அமிலம் நீளம். பின்பாதி கைனேஸ் சாயல். சோதனைக் குழாயில் பாஸ்பேட்டையும் ஏற்றுவதாகத் தெரிந்தது. செல்லைச் சாகவிடாமல் காக்கும் ஆக்ட் என்ற புரதத்தின் 473ஆம் இடத்து செரினில் பாஸ்பேட் வைப்பதும் ஐ.எல்.கே.தான் என்று அடுத்தடுத்துக் கட்டுரைகள் வந்தன. பிடிமானம், வால், கைனேஸ், உயிர் என்று சங்கிலி முழுசாகிவிட்டது. இவ்வளவு அழகாக ஒரு கதை அமைந்துவிட்டால் அதைச் சந்தேகிக்கிறவனுக்கு மண்டைக்கனம் என்று பெயர் வரும். நான் சந்தேகிக்கவில்லை. வெளிநாட்டில் பயிற்சி முடித்துத் திரும்பி, தென்னிந்திய நகரம் ஒன்றில் சொந்த லேப் தொடங்கியபோது இதையே என் விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐ.எல்.கே.யின் அமினோ அமில வரிசையை மற்றக் கைனேஸ்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் ஒரு குறை கண்ணில் படும். பாஸ்பேட் மாற்றும் வேலைக்கு இன்றியமையாத ஆஸ்பார்டிக் அமிலம் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. கைனேஸ்கள் எல்லாவற்றிலும் வழக்கமாக வரும் வேறொரு மூன்றெழுத்துத் துண்டும் இதில் உருமாறிக் கிடக்கிறது. எனக்கு இது தெரியும். ஆனால் கைவசம் பதில் இருந்தது. 2000இல் டபிள்யூ.என்.கே. என்ற கைனேஸ் கண்டுபிடிக்கப்பட்டது. இருக்க வேண்டிய இடத்தில் லைசின் இல்லாமல், வேறிடத்திலுள்ள லைசினை வைத்துக்கொண்டு அது நன்றாகவே வேலை செய்கிறது. விதிவிலக்கு ஒன்று கிடைத்துவிட்டால் நமக்கு வேண்டிய இன்னொன்றையும் அதன் பின்னாலேயே நுழைத்துவிடலாம். கருத்தரங்கில் யாராவது கேட்டால் டபிள்யூ.என்.கே. பெயரைச் சொல்லி உட்காரவைத்துவிடுவேன்.

சோதனை இதுதான். செல்லை உடைத்து, அதிலிருந்து ஐ.எல்.கே.யை மட்டும் ஆன்டிபாடி கொண்டு சின்னச் சின்ன மணிகளின்மேல் பிடித்து நிறுத்துவது. மணிகளைக் கழுவி, கூடவே ஒட்டிவந்த கசடை நீக்குவது. பிறகு மயலின் பேசிக் புரதத்தையும், கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 ஏற்றிய ஏ.டி.பி.யையும் சேர்ப்பது. கடைசியில் ஒவ்வொரு மாதிரியையும் ஜெல்லில் தனித்தனிப் பாதையில், அதாவது லேனில், ஓட்டுவது. பாஸ்பேட் ஏறினால் புரதம் கதிர் வீசும். எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புப் பட்டையாக விழும். எங்களுக்கு அந்த ஏ.டி.பி. ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறையின் ஜோனாகி மையத்திலிருந்து வரும். அரை ஆயுள் 14.3 நாள் என்பதால் பார்சல் வந்ததும் மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு இதில் இறங்குவோம். பெர்ஸ்பெக்ஸ் தடுப்புக்குப் பின்னால் நின்று, கைகர் கருவி கறகறக்க, இரவு ஜெல்லைக் காயவைத்து ஃபிலிமோடு கேசட்டில் மூடி மைனஸ் எழுபது ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போவோம்.

அன்று காலை டார்க் ரூமில் சிவப்பு விளக்கடியில் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தேன். முதல் லேன்: எங்கள் ஐ.எல்.கே.யைச் செலுத்தாத செல், லேசான நிழல். இரண்டாவது: ஐ.எல்.கே. செலுத்திய செல், கன்னங்கரேல் என்று பட்டை. மூன்றாவது: 220ஆம் இடத்து லைசினை மெத்தியோனினாக மாற்றி, ஏ.டி.பி.யைக் கையாள முடியாமல் செய்துவிட்டதாக நாங்கள் நம்பிய ஐ.எல்.கே. அங்கே வெறும் நிழல்தான் இருந்திருக்க வேண்டும். பட்டை இருந்தது. இரண்டாவதைவிடக் கொஞ்சம் வெளிர். பார்க்க மனமில்லாதவன் ‘குறைந்திருக்கிறது’ என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவு கொஞ்சம். ஃபிக்ஸரின் புளித்த வாடையோடு ஈரம் சொட்டச் சொட்ட ஃபிலிம் கையில் இருந்தது; எனக்கு அர்த்தம் உடனே தெரிந்தது. நாங்கள் முடமாக்கிய புரதமும் பாஸ்பேட் ஏற்றுகிறதென்றால், ஏற்றுவது அது அல்ல. அதோடு ஒட்டிக்கொண்டு மணிக்கு வந்துவிட்ட வேறொரு கைனேஸ். அப்படியானால் இரண்டாவது லேனும் ஐ.எல்.கே.யின் வேலை இல்லை.

அந்த எண்ணம் தோன்றியதும், இல்லை, மூன்றாவது குழாயில் ஏதோ கலந்துவிட்டது என்று இன்னொரு எண்ணத்தை அதன்மேல் போட்டு மூடினேன். திரும்பச் செய்து பார்த்தேன். திரும்பவும் வந்தது. அதன்பிறகு மூன்றாவது லேனை ஓட்டுவதையே நிறுத்திவிட்டேன். சோதனை நம்மை எதிர்த்தால் சோதனையையே நிறுத்திவிடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். கட்டுரைக்கு முதல் இரண்டு லேன்கள் போயின.

மாணவர்களுக்கு வருடாவருடம் நான் ஆசையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1979இல் சால்க் நிறுவனத்தில் டோனி ஹன்டர், பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களை மின்புலத்தில் பிரித்துக்கொண்டிருந்தார். புது பஃபர் தயாரிக்கச் சோம்பல்பட்டுப் பழையதையே பயன்படுத்தினார். அதன் பி.எச். 1.9இலிருந்து 1.7க்கு இறங்கிப்போயிருந்தது. வழக்கமாக பாஸ்போத்ரியோனினோடு ஒட்டி மறைந்திருக்கும் ஒரு புள்ளி அதனால் தனியே விலகி நின்றது. அதுதான் பாஸ்போடைரோசின். சார்க் என்ற புற்றுநோய்க் கைனேஸின் ரகசியமும், பிறகு வந்த இமாட்டினிப் போன்ற மருந்துகளின் அடிப்படையும் அந்தப் புள்ளியில் தொடங்கியவை. ‘எதிர்பாராத புள்ளியைத் துடைத்துவிடாதீர்கள்’ என்று குரலை ஏற்றி முடிப்பேன். ஃபிலிமை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டே இதையும் சொல்லியிருக்கிறேன்.

கட்டுரையைப் பரிசீலித்த ஒருவர் கேட்கவே செய்தார்: முடமாக்கிய புரதத்தை வைத்துக் கைனேஸ் சோதனை செய்தீர்களா? அவருக்கு நான் எழுதிய பதில், இன்று படித்தாலும், சாமர்த்தியமானது. அந்த மாற்றம் கைனேஸ் செயலை ஒழிக்கிறது என்று பிறர் முன்பே காட்டியிருக்கிறார்கள் என்று மேற்கோள்களை அடுக்கினேன். அதோடு எங்கள் ஒட்டுதல் சோதனையைக் காட்டினேன். மாற்றிய ஐ.எல்.கே. கொண்ட செல்கள் ஃபைப்ரோனெக்டின் பூசிய தட்டில் சரியாக ஒட்டவில்லை. எனவே ஒட்டுதலுக்குக் கைனேஸ் செயல் தேவை என்றேன். ஒட்டவில்லை என்பது உண்மை. காரணம் வேறு. அது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் ‘செய்தீர்களா’ என்ற கேள்விக்கு ‘செய்தோம், வந்தது’ என்பதுதான் பதில், அது எனக்கு அப்போதே தெரியும். அவர் ஏற்றுக்கொண்டார். கட்டுரை வந்தது. லேபில் லட்டு கொடுத்தோம்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு பெண் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். மாவட்டத் தலைநகர்க் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. முடித்து, ஜே.ஆர்.எஃப். தேர்வில் தேறி வந்தவர். ஐ.எல்.கே. எந்தெந்தப் புரதங்களில் பாஸ்பேட் வைக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்கு நான் கொடுத்த தலைப்பு. இல்லாத வேலையின் விளைவுகளைத் தேடச் சொன்னேன் என்று இன்று எழுத முடிகிறது. ஒழுங்கான மாணவி என்பதால் முதலில் என் இரண்டாவது படத்தையே செய்து பார்த்தார். ஒழுங்கான மாணவி என்பதால் மூன்றாவது லேனையும் ஓட்டினார்.

“சார், மூணாவதும் வருதே சார்.”

“நல்லா வாஷ் பண்ணினியாம்மா?”

அவர் நல்லபடியாகக் கழுவினார். நான் சொன்னதைவிட நன்றாகவே. 150 மில்லிமோலார் உப்பில் கழுவிக்கொண்டிருந்ததை 500க்கு ஏற்றினார். ஒட்டிவந்த அன்னியப் புரதங்களைக் கழற்றிவிட எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழி அது. மறுநாள் ஃபிலிமோடு வந்து நின்றார்.

“இப்ப ரெண்டாவதுலகூட ஒண்ணும் இல்ல சார்.”

“அஞ்சூறுல கழுவினா என்சைம் செத்துப்போகும்மா. நூத்தம்பதுக்கே போ. ரெண்டு வாஷ் போதும்.”

இந்த இடத்தைத்தான் பலமுறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நான் சொன்னது அறிவியல்படி முழுப் பொய் அல்ல. உப்பு ஏறினால் சில நொதிகள் செயலிழக்கும், துணைப் புரதங்கள் கழன்றுபோகும். அதனால்தான் அது அவ்வளவு கச்சிதமாகப் பயன்பட்டது. கைடு சொல்கிறார், வாய்ப்பு இருக்கிறது, மாணவி என்ன எதிர்த்துப் பேசிவிட முடியும்? ஆனால் அவர் செய்தது சரியான சோதனை, கிடைத்தது சரியான விடை. எல்லா லேனிலும் பட்டை மறைந்ததென்றால் அது ஒட்டிவந்த கைனேஸ் என்று அர்த்தம். அதற்கு வலு சேர்க்கும் ஃபிலிம் என் இழுப்பறையில் கிடந்தது, அவர் நின்ற இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில். நான் எடுக்கவில்லை.

எடுக்காததோடு விட்டேனா என்றால், அதுவும் இல்லை. வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், “கைனேஸ் அஸ்ஸே எல்லாருக்கும் வராது, கை வேணும்” என்றேன். லேபில் அதற்குப் பிறகு அவருடைய எந்த முடிவையும் இன்னொருவர் செய்து பார்த்த பிறகே நம்புவது என்று ஆயிற்று. நான் அப்படி உத்தரவு போடவில்லை, போடத் தேவைப்படவில்லை. கொஞ்ச காலத்தில் அவரே தன் கையை நம்பாமல் ஆனார். பிப்பெட்டில் ஒரே அளவை இரண்டு தடவை சரிபார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘கவனம் கூடியிருக்கிறது, நல்லது’ என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண வயது என்று வீட்டில் நெருக்கினார்கள். ஃபெலோஷிப்பும் முடிகிற நிலை. கடைசியில் தலைப்பை மாற்றி, வேறொரு புரதம் எவ்வளவு உற்பத்தியாகிறது என்று அளந்து, மெலிந்த ஒரு ஆய்வேட்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு போனார். ஆராய்ச்சியில் தொடரவில்லை. இன்று ஒரு நோயறி பரிசோதனைக்கூடத்தில் வேலை.

அதற்கிடையில் உலகம் சும்மா இருக்கவில்லை. 2001இலேயே கேம்பிரிட்ஜில் நிக் பிரவுன் குழு பழ ஈயில் காட்டிவிட்டது: ஐ.எல்.கே. இல்லாத ஈயின் தசை பிய்ந்துபோகிறது, ஆனால் கைனேஸ் செயல் அற்றதாக மாற்றிய ஐ.எல்.கே.யைக் கொடுத்தாலும் அது சரியாகிவிடுகிறது. அதைப் படித்தேன். ‘ஈதானே’ என்றேன். மறுவருடம் புழுவிலும் அப்படியே வந்தது. 2003இல் எலி: ஐ.எல்.கே. இல்லாத கரு கருப்பையில் பதியும் கட்டத்திலேயே செத்தது, ஆனால் ஐ.எல்.கே. நீக்கிய எலிச் செல்களில் ஆக்ட்டின்மீது பாஸ்பேட் பழையபடியே ஏறியது. 2005இல் 473ஆம் செரினில் பாஸ்பேட் வைப்பது எம்டார் என்ற கைனேஸின் இரண்டாம் கூட்டமைப்பு என்று தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு ‘ஆனால்’ இருந்தது.

2009இல் ‘ஆனால்’கள் தீர்ந்தன. க்ளீவ்லாந்தில் ஜுன் சின் குழு ஐ.எல்.கே.யின் படிக அமைப்பை வெளியிட்டது. ஏ.டி.பி. அதில் உட்காருகிறது, ஆனால் வேலை நடப்பதற்கான அமைப்பு சிதைந்து கிடக்கிறது. மற்றக் கைனேஸ்களில் இலக்குப் புரதம் வந்து பொருந்தும் பக்கத்தில் பார்வின் என்ற புரதம் கவ்விக்கொண்டிருக்கிறது. அதே வருடம் மியூனிக்கில் ரைன்ஹார்ட் ஃபெஸ்லர் குழு, கைனேஸ் செயலுக்கு அவசியம் என்று சொல்லப்பட்ட இடங்களை எலியில் மாற்றிப் பார்த்தது. சில மாற்றங்களால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. 220ஆம் லைசினை மாற்றிய எலிகளுக்கு மட்டும் சிறுநீரகம் சரியாக உருவாகவில்லை. பார்வினோடு உள்ள பிடி அந்த மாற்றத்தால் தளர்ந்துபோனதே காரணம். நான் தட்டில் ஒட்டாத செல்களைக் காட்டி ஜெயித்தேனே, அதற்கு விளக்கமும் இதுவே. ஐ.எல்.கே. கல்யாணப் பந்தலில் காலையும் குறுக்குக் கழியையும் இறுக்கும் கயிற்றைப் போன்றது. ஒரு பக்கம் இன்டெக்ரின், மறுபக்கம் பார்வின் வழியாக செல்லின் ஆக்டின் இழைகள். பின்ச் என்ற இன்னொரு புரதமும் கூடச் சேர்ந்து கட்டுகிறது. பாஸ்பேட் எதையும் ஐ.எல்.கே. கொண்டுபோய் வைப்பதில்லை. சொல்லப்போனால், நான் இத்தனை காலம் சொன்னதைவிட அழகான கதை இது. அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எங்கள் லேபுக்கும் வந்திருந்தது. உப்பில் கழுவிக் கையில் கொண்டுவந்தும் கொடுத்தார் ஒருவர்.

2009க்குப் பிறகு நான் செய்தது முன்பு செய்ததைவிட மோசம் என்று சில நாள் தோன்றும். ஸ்லைடுகளில் ‘கைனேஸ் செயல்’ என்பதை எடுத்துவிட்டு ‘தாங்குபுரதம்’ என்று போட்டேன். அடுத்த நிதி விண்ணப்பத்தில், ‘நாங்கள் நெடுநாளாக ஐயுற்றபடி’ என்று ஒரு தொடர் எழுதினேன். நிதி கிடைத்தது. தவறு செய்தவன் திருந்துவது ஒன்று. தவறே செய்யாதவர்களின் வரிசையில் போய்ச் சத்தமில்லாமல் நின்றுகொள்வது இன்னொன்று. நான் இரண்டாவதைச் செய்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துறை முழுவதுமே நகர்ந்துகொண்டிருந்த நேரம். கூட்டத்தோடு நகர்ந்தவனைத் தனியாக யார் கவனிப்பார்கள்? நேர்மையாகத் தவறியவர்களும் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர். எவர்மேலும் பழி போட எனக்கு உரிமை இல்லை. அவர்கள் ஃபிலிமில் மூன்றாவது லேன் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. என் ஃபிலிமில் வந்தது தெரியும்.

சில வருடம் முன்பு ஒரு கல்யாண வரவேற்பில் அந்த மாணவியைப் பார்த்தேன். கையில் குழந்தை. நலம் விசாரித்துவிட்டு, சிரித்தபடியே கேட்டார்: “சார், அந்த ஐ.எல்.கே. கைனேஸே இல்லையாமே? அப்ப நான் அஞ்சூறுல கழுவினது?” நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “அதெல்லாம் பழைய கதைம்மா, அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்.” எனக்குத் தெரியும் என்பதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் சார் என்று பந்தி வரை கூட்டிப்போய் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சஞ்சிகைக்கு இப்போது எழுதியிருக்கிறேன். இரண்டாவது படத்தில் ஒரு லேன் நீக்கப்பட்டது, அதன் முடிவு கட்டுரையின் முக்கியக் கூற்றுக்கு எதிரானது, பரிசீலகரின் கேள்விக்கு ஆசிரியர் உண்மையான பதில் தரவில்லை என்று. மூல ஃபிலிம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அறை மாற்றியபோது எங்கேயோ போய்விட்டது. நான் எறிந்துவிட்டேனா, தானாகத் தொலைந்ததா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. சக ஆசிரியர்களில் ஒருவர், “இப்ப இதெல்லாம் எதுக்கு? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே” என்கிறார். ஐ.எல்.கே. கைனேஸ் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்தப் பெண்ணின் லேப் நோட்டு மட்டும் இருக்கிறது. விதிப்படி அது லேபை விட்டுப் போகக்கூடாது. 500 மில்லிமோலார் கழுவலுக்கான பக்கத்தில் தேதி, பஃபர் அளவு, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் குண்டு குண்டான கையெழுத்தில் ஒழுங்காக இருக்கிறது. முடிவு என்ற தலைப்பின் கீழ், ‘ஐ.எல்.கே.யோடு வேறு கைனேஸ் வருகிறதா?’ என்று கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறார். ஓரத்தில் சிவப்பு மையில் என் சுருக்கொப்பம். அதன்கீழே, ‘தவறான கழுவல். மறுபடி செய்.’ அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தையும் சேர்த்து, அவருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் போட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.